டிம்மில் எரிந்த நீல விளக்கு

தவளக்குப்பம் வேகத்தடையில்தான் அதை முதலில் பார்த்தேன். இரவு எட்டரை மணி இருக்கும். புதுச்சேரியில் வேலை முடிந்து கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் வந்ததால் டிம்முக்கு மாற்றியிருந்தேன். முன்சக்கரம் தடையில் ஏறி இறங்கிய நொடியில் ஹெட்லைட் செத்துப்போனது. ரோடு இல்லை, ஓரத்து வெள்ளைக் கோடு இல்லை. அந்த இருட்டில் ஸ்பீடோமீட்டருக்குள் ஒரு சின்ன நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டிய விளக்கு அது. கட்டைவிரலால் ஸ்விட்சைத் தடவிப் பார்த்தேன், டிம்மில்தான் இருந்தது. அடுத்த குழியில் வண்டி ஒரு குதி குதித்தது. ஹெட்லைட் வந்துவிட்டது, நீலம் அணைந்துவிட்டது.

வீடு வந்து சேர்ந்ததே பெரிது என்று அன்றைக்கு நீல விளக்கை மறந்துவிட்டேன். மறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட மிச்சமாகியிருக்கும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 150 சிசி, 2012 பொங்கலுக்குப் பிறகு வாங்கியது. கடலூரில் நாங்கள் எதையும் 'தானேக்கு முன்', 'தானேக்குப் பின்' என்றுதான் கணக்கு வைப்போம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். கரண்ட் வந்த பிறகு வாங்கிய வண்டி இது. அன்றிலிருந்து தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசல் ஷீட்டுக்கு அடியில் நிற்கிறது. ராத்திரி ஊர் அடங்கினால் அலைச் சத்தம் கேட்கும் தூரம். எங்கள் பக்கம் கேட்டின் கீல், ஜன்னல் கம்பி, பூட்டு எதுவும் முழு ஆயுள் இருப்பதில்லை, உப்புக் காற்று தின்றுவிடும். பூட்டுக்கு மட்டும் அம்மா மறக்காமல் தேங்காய் எண்ணெய் விடுவார். வண்டியின் வயிற்றுக்குள் ஓடும் ஒயர்களுக்கு எண்ணெய் விட யார் இருக்கிறார்கள்?

வேகத்தடைச் சம்பவத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. நாள்தோறும் நூலிழை அளவு குறைந்ததால் மண்டையில் உறைக்கவில்லை. முள்ளோடையைத் தாண்டி தென்பெண்ணைப் பாலம் வரைக்கும் கடைகள் இல்லாத இடங்களில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டுவேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கண்தான் போய்விட்டது என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போய்ப் பரிசோதனையும் செய்துகொண்டேன். கண்ணாடி பவர் அப்படியே இருக்கிறது என்றார்கள். வண்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை.

வேகத்தடைக்கு மறுநாள் பல்பு வாங்கினேன். ஹெட்லைட் மக்கர் செய்தால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். 12 வோல்ட், 35/35 வாட் ஹாலஜன். புதுப் பல்பு பழையதைப் போலவே மஞ்சளாக எரிந்தது. மாலையில் ஒரு கடைக்காரரிடம் புலம்பியபோது, "இந்த 35 வாட்லாம் பத்தாது சார், 60/55 போடுங்க, ரோடே பகலாயிடும்" என்றார். கொஞ்சம் அழுத்தித்தான் உட்கார்ந்தது, ஆனால் உட்கார்ந்துவிட்டது. ரோடு பகலாகவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், வெளிச்சம் கூடவே இல்லை, நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் பழுத்திருந்தது. வீட்டுக்கு வந்து பின்னால் தொட்டுப் பார்த்தால் ஹோல்டர் ஒயர் வெதுவெதுவென்று இருந்தது. பயந்துபோய்க் கழற்றிவிட்டுப் பழைய வாட்டுக்கே திரும்பினேன்.

அப்புறம் டிம்-பிரைட் ஸ்விட்சைப் பிரித்து சுத்தம் செய்தேன். அதற்கென்று ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். ஸ்விட்ச் சுத்தமானது, வெளிச்சம் மாறவில்லை.

அதற்கும் பிறகுதான் 350 ரூபாய்க்கு, வோல்ட்டும் தடையும் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். அளக்காமல் பொருளை மாற்றுவது மடத்தனம் என்று ஞானம் வந்த நேரம். ஆனால் அளந்தும் ஏமாறலாம் என்பது அப்போது தெரியாது. ஹெட்லைட் டூமைக் கழற்றி, பல்பிலிருந்து ஹோல்டரை உருவி, அதன் டிம் பாயின்டில் சிவப்பு முள்ளையும், கரண்ட் திரும்பிப் போகும் எர்த் பாயின்டில் கறுப்பு முள்ளையும் வைத்தேன். 12.4 காட்டியது. முழு பேட்டரி வோல்ட்! கரண்ட் குறையில்லாமல் வருகிறது. எர்த் ஒயரையும் விட்டுவைக்கவில்லை. சாவியை அணைத்து, மீட்டரை 'பீப்' அடிக்கும் இடத்துக்குத் திருப்பி, ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் வைத்தேன். 'பீப்' என்று தெளிவாகக் கத்தியது. வருகிற வழியும் சரி, போகிற வழியும் சரி. அப்படியானால் பல்புதான் மட்டம் என்று முடிவு செய்து இன்னொரு பல்பு வாங்கினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கடைசியில் இம்பீரியல் ரோட்டில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். பலகைகூட இல்லாத கடை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றி நிறைய விபூதி. ஒரு ஹாரனுக்கு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்.

"ஹாரன் அடிக்குதா?"

"அடிக்குதுண்ணே."

"இண்டிகேட்டர், பிரேக் லைட்டு?"

"எல்லாம் நல்லா இருக்கு. ஹெட்லைட் மட்டும்தான்."

"அது அணையறப்ப வேற எதாவது எரியுதா?"

அந்தக் கேள்வியில்தான் நீல விளக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். சால்டரிங் ராடை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்தார்.

"டிம்முல போறப்ப நீலம் எரிஞ்சுதா?"

"ஆமாண்ணே. ரெண்டு செகண்டு."

"அப்ப பல்பை விடு தம்பி. எர்த்தைப் பாரு."

விளக்கம் கேட்டேன். மேசை மேல் படிந்திருந்த தூசியில் விரலால் படம் போட்டார். அந்தப் பல்புக்குள் இழை இரண்டு, வெளியே கால் மூன்று. டிம்முக்கு ஒரு கால், பிரைட்டுக்கு ஒரு கால், மூன்றாவது கால் இரண்டு இழைகளுக்கும் பொதுவான எர்த். டிம் போட்டால் கரண்ட் டிம் இழைக்குள் நுழைந்து, எர்த் கால் வழியாக இறங்கி, வண்டியின் இரும்புக்குப் போய், அங்கிருந்து பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எர்த் அறுந்துவிட்டால்? டிம் இழையைத் தாண்டி வந்த கரண்ட் பொது முனையில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே அதற்கு இன்னொரு வாசல் இருக்கிறது, பிரைட் இழை. அதற்குள் தலைகீழாக ஏறி, பிரைட் ஒயரில் பின்னோக்கிப் போகும். அந்த ஒயரில்தான் மீட்டரின் நீல விளக்கும் தொங்குகிறது. நீல விளக்குக்குத் தனி எர்த் உண்டு. ஆக, கரண்ட் அந்த வழியாக வீடு திரும்பிவிடும்.

நீல விளக்கு 2 வாட்டுக்கும் குறைவான குட்டி பல்பு. எரியும்போது அதன் தடை எண்பது ஓமுக்கு மேல் இருக்கும். ஹெட்லைட் இழை எரியும்போதே நான்கு ஓம்தான், குளிர்ந்து கிடந்தால் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். மூன்றும் ஒரே வரிசையில் நின்றால் வோல்ட் முழுவதையும் குட்டி விளக்கே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெரியது இருண்டு, சின்னது பளிச்சென்று எரிந்தது.

"நம்ம ஊருக்கு வெள்ளம் எப்ப தம்பி வருது? மழை பேஞ்சா மட்டுமா? கடல் வாங்கலைன்னாதான் வருது. ஆத்துத் தண்ணி போற வழி கிடைக்காம, கிடைச்ச சந்துல பூந்து ஊருக்குள்ள வரும். இதுவும் அந்தக் கதைதான்" என்றார்.

கடலூர்க்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு, வெள்ளாறு என்று எல்லாம் வந்து கடலில் இறங்குகிற வடிகால் மாவட்டம் எங்களுடையது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி எங்கள் பக்கத்தை என்ன பாடுபடுத்தியது என்று பார்த்தவன் நான். தண்ணீர் வரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அது போகும் வழியை வெள்ளம் வந்த பிறகுதான் தேடுவார்கள். நானும் வண்டியில் வரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"மீட்டர்ல 12.4 காட்டுச்சே, பீப்பும் அடிச்சுதே அண்ணே" என்று விடாமல் கேட்டேன்.

"பல்பை மாட்டிப் பாத்தியா, கழட்டிப் பாத்தியா?"

"கழட்டித்தான்."

"கழட்டிப் பாத்தா என்ன தெரியும்? லைட்டை எரியவிட்டுப் பாரு."

அங்கேதான் என் தவறு முழுதாகப் புரிந்தது. மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது அது இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கரண்ட் ஓடாத ஒயரில் எவ்வளவு களிம்பு ஏறியிருந்தாலும் வோல்ட் குறையாது. தெருக்குழாயை மூடி வைத்துவிட்டு அழுத்தத்தைப் பார்ப்பது மாதிரி, திறந்துவிட்டால்தான் பைப்புக்குள் அடைப்பு தெரியும். 35 வாட் பல்பு எரியும்போது கிட்டத்தட்ட 3 ஆம்பியர் ஓடுகிறது. அப்போதுதான் ஒரு ஓம் தடைகூட மூன்று வோல்ட் வரை விழுங்கும். 'பீப்' சத்தமும் அப்படியே. சாதாரண மீட்டர்கள் முப்பது நாற்பது ஓம் வரைக்கும்கூட 'வழி இருக்கிறது' என்று கத்திவிடும். ஒயர் சுத்தமாக அறுந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். மூன்று ஆம்பியர் போகிற ஒயர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க அதை நம்பக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். அம்மா படியில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடி முடிப்பியா, இல்ல இன்னைக்கும் ராத்திரிதானா?" என்றார். பதில் சொல்லவில்லை.

இந்த முறை ஹோல்டரைப் பல்பிலிருந்து உருவவில்லை. பின்பக்கமாக, ஒயர் உள்ளே நுழையும் சந்தில் ஒரு குண்டூசியைச் செருகி, உலோகத்தில் படும்படி வைத்தேன். என் வண்டியில் எர்த் ஒயர் கறுப்பில் மஞ்சள் கோடு. எல்லா வண்டியிலும் இதே நிறம் இருக்காது, பச்சையாகவும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டுக்குத் திருப்பி, கறுப்பு முள்ளைப் பேட்டரியின் மைனஸில் ஒரு முதலைக் கிளிப்பால் கவ்வவிட்டு, சாவியைத் திருப்பி டிம் போட்டேன். என் வண்டியில் இஞ்சின் ஓடாமலே ஹெட்லைட் எரியும்.

சிவப்பு முள்ளைக் குண்டூசியில் வைத்தேன். நல்ல எர்த்தாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.2 காட்ட வேண்டும்.

3.2.

மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தேன். 3.2தான். அதே நேரத்தில் பேட்டரியில் 12.3 இருந்தது. டிம் ஒயரின் பக்கம் ஃப்யூஸ், ஸ்விட்ச், கப்ளர் எல்லாம் சேர்ந்து அரை வோல்ட் சாப்பிட்டிருந்தது, பழைய வண்டிக்கு அது பரவாயில்லை. மிச்சம் பல்புக்குக் கிடைத்தது 8.6 வோல்ட். ஹாலஜன் பல்பில் வோல்ட் குறைகிற வேகத்தில் வெளிச்சம் குறையாது, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும். வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விடும். 12க்கு 8.6 என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூட மிஞ்சாது. அந்த மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் இருட்டில் 22 கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

60/55 பல்பு ஏன் பழுத்தது என்பதும் அங்கேயே விளங்கியது. அதிக வாட் பல்பு அதிக கரண்ட் இழுக்கும். அதே கெட்டுப்போன எர்த் வழியாக அதிக கரண்ட் போனால் அங்கே விழும் வோல்ட்டும் கூடும், சூடும் கூடும். பல்புக்குப் போய்ச் சேர்வது இன்னும் குறைவு. பெரிய பல்பு போட்டதால் நான் வாங்கிக்கொண்டது சூடான ஒயர் மட்டும்தான்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதுவும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதுதான். ஒரு நீள ஒயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையைக் குண்டூசியில் தொட்டேன். எதிர்ச் சுவரில் மஞ்சள் திட்டாக விழுந்திருந்த வெளிச்சம் வெள்ளையாகப் பாய்ந்தது. பட்டப்பகலிலும் தெரிந்தது. எடுத்தால் மஞ்சள், தொட்டால் வெள்ளை. நாலைந்து முறை சும்மாவே செய்து பார்த்தேன். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆச்சா?" என்றார். இன்னும் ஆகவில்லை, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சீட்டைக் கழற்றி, பெட்ரோல் வால்வை மூடி, டியூபை உருவி, 10ஆம் நம்பர் ஸ்பானரால் போல்ட்டை எடுத்து டேங்கைத் தூக்கினேன். ஹெட்லைட்டின் எர்த் ஒயர் ஹேண்டில்பாரின் கழுத்துக்குக் கீழே ஃப்ரேமில் ஒரு போல்ட்டில் முடிகிறது. ஸ்பீடோமீட்டருக்கும் மற்றவற்றுக்கும் எர்த் வேறு வழியாகப் போகிறது. ஹாரனும் இண்டிகேட்டரும் நல்லபடியாக இருந்ததற்கு அதுதான் காரணம். போல்ட்டின் தலை துருவில் செங்கல் நிறம். கீழே ஒயர் முனையைப் பிடித்திருக்கும் வளையம் போன்ற லக், பித்தளை. பித்தளை என்று நான்தான் சொல்ல வேண்டும், பார்த்தால் மயில்துத்தத்தைப் பூசி வைத்தது போல இருந்தது. விரலால் அசைத்தபோது லக் போல்ட்டின் அடியில் லேசாக ஆடியது. வேகத்தடையில் விளக்கு ஏன் அணைந்தது, குழியில் ஏன் வந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "குத்துவிளக்குல வர்ற களிம்புதானே இது? புளி போட்டுத் தேச்சா போயிடுமே." உண்மைதான், புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். ஆனால் அது ஒயருக்குள் ஏறித் தங்கிவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பேன் என்றேன். "என் விளக்கு நாப்பது வருஷமா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லக்கை வெட்டி எறிந்தேன். ஒயரின் மேலுறையை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்திருந்தன. ஓர் அங்குலம் போல வெட்டிக்கொண்டே போன பிறகுதான் செம்பின் நிறம் வந்தது. ஒயர் குட்டையாகிவிட்டதால் அதே தடிமனில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டு, ஈயம் பற்ற வைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றினேன். புது லக் ஐந்து ரூபாய். ஃப்ரேமில் போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட்டும் துருவும் போகும் வரை உப்புத்தாளால் தேய்த்தேன். உப்பு செய்த வேலையை உப்புத்தாளால் சரிசெய்ய வேண்டியிருந்தது. இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, வெளிப்புறம் முழுவதும் வாஸ்லினை அப்பினேன். வாஸ்லின் இறுக்கிய பிறகுதான், அதுவும் மேலே மட்டும்தான். ஈரக் காற்று உள்ளே போகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

மறுபடி அதே குண்டூசி, அதே அளவு. 0.1. பல்புக்கு 11.7. மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியைப் பிரிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏ.சி. கரண்ட்டில் எரியும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும், அது அதன் இயல்பு. அந்த வண்டிகளில் இஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. பக்கம் திருப்பித்தான் அளக்க வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் ஸ்விட்சே கிடையாது, இஞ்சின் ஓடினால் விளக்கு தானாக எரியும். அதையும் ஸ்டார்ட் செய்துதான் பார்க்க வேண்டியிருக்கும். மூடிய இடத்தில் ஓடவிடாதீர்கள். வெளிச்சம் மங்காமல், பல்பு மட்டும் மாதத்துக்கு ஒன்று ஃபியூஸ் போகிறதென்றால் அது என் கதை இல்லை. ரெகுலேட்டர் வோல்ட்டைக் கட்டுப்படுத்தாமல் விடுகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் எரிகிற வண்டியென்றால், நல்லா முறுக்கும்போது பேட்டரியில் 14.5ஐ ஒட்டி நிற்க வேண்டும், 15ஐத் தாண்டினால் பல்பின் மேல் பழி போடாதீர்கள். எல்.இ.டி. மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒரு நண்பர் சொன்னார். கெட்டுப்போன எர்த்தில் அது சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கும், நான் ஐந்தாவது பொருளையும் வீணாக வாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வெட்டி எடுத்த லக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இம்பீரியல் ரோட்டுக்குப் போனேன். அண்ணன் அதை வாங்கி நகத்தால் சுரண்டினார். "செம்புன்னா களிம்பு இருக்கத்தான் செய்யும் தம்பி. கூடப் பொறந்தது. உயிருக்கு ஆணவம் மாதிரின்னு சைவ சித்தாந்தத்துலயே இருக்கு" என்றார். பிறகு குரலை மாற்றாமல், "60 வாட் பல்பு ஒண்ணு வாங்கினேன்னியே, அது வேணாம்னா குடுத்துடு, கார்க்காரன் ஒருத்தன் கேட்டான்" என்றார். கொடுத்துவிட்டேன். பாதி விலை கொடுத்தார்.

அன்றிரவு கன்னியக்கோயிலைத் தாண்டியதும், வேண்டுமென்றே ஒரு வேகத்தடையில் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஏற்றி இறக்கினேன். ஹெட்லைட் அசையவில்லை. நீலம் எரியவில்லை. எதிரே வந்த கார்க்காரர் மட்டும் என்னைப் பார்த்து லைட்டை இரண்டு முறை வெட்டினார். டிம்மில்தான் வந்தேன், ஆனால் டூமைத் திரும்ப மாட்டும்போது அதன் முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துவிட்டிருக்கிறேன். மங்கிய விளக்கில் யாருக்கும் தெரியாத தவறு அது. வீட்டு வாசலில் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, ஸ்குருவைத் தளர்த்தி இறக்கினேன்.

டேங்குக்கு அடியில் அந்த எர்த் ஒயரைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அம்மா ஊறுகாய் பாட்டிலில் ஒட்டுவது மாதிரி. அடுத்த முறை திறக்க வேண்டியது ஐப்பசி மழைக்கு முன்.